'தொகு' என்று எழுதிய 23 நோட்டு

கேள்வி: ஐயா, ராயக்கோட்டை பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். எட்டாம் வகுப்பில் 38 பேர். நடுகற்கள் பற்றி இரண்டு பக்கம் எழுதிவரச் சொன்னேன். 23 நோட்டில் ஒரே கட்டுரை, எழுத்துப் பிழை உட்பட. தலைப்புக்குப் பக்கத்தில் எல்லாம் 'தொகு' என்று வேறு எழுதியிருக்கிறார்கள், ஏனென்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரு பெண் மட்டும் பெரிய எழுத்தாளர் எழுதினது போல ஒன்று கொண்டுவந்தாள். யார் எழுதியது என்றேன். ஓசூரில் கம்பெனிக்குப் போகும் மாமா பையன் சாட்ஜிபிடியில் எடுத்துக் கொடுத்தான் என்றாள். எல்லார் முன்னாலும் 'இது திருட்டு இல்லையா?' என்று கேட்டுவிட்டேன், பசங்கள் சிரித்துவிட்டார்கள். மூன்று நாளாக அவள் பள்ளிக்கு வரவில்லை. ஹெச்.எம். 'எல்லாருக்கும் எட்டு, ஒன்பது போட்டு முடிங்க டீச்சர்' என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. மார்க்கைக் குறைக்கவா, பெற்றோரைக் கூப்பிடவா? காப்பியைக் கண்டுபிடிக்க நல்ல ஆப் ஏதாவது இருக்கிறதா? நான் எங்கே தவறினேன்?

பதில்:

டீச்சர், முதலில் அந்தப் பெண். மார்க், ஆப் எல்லாம் அப்புறம் பேசலாம்.

எட்டாவது படிக்கிற பெண் மூன்று நாள் வரவில்லை என்றால் அதைச் சாதாரண லீவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தக்காளி பறிக்க ஆள் கிடைக்காத நேரமாக இருந்தால் 'சரி, ரெண்டு நாள் வா' என்று வீட்டில் கூட்டிப்போவார்கள், மூன்று நாள் பத்து நாளாகும், அப்புறம் பள்ளிக்கு வரவே கூச்சமாகிவிடும். நம் கிருஷ்ணகிரி, தர்மபுரி இரண்டு மாவட்டத்திலும் படிப்பை நிறுத்திய பெண்ணுக்கு வீட்டில் அடுத்து என்ன பேச்சு எடுப்பார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இன்றைக்கே சாயங்காலம் போங்கள். அவளோடு உட்காருகிற பெண் ஒருத்தியையோ, பக்கத்து ஊர் டீச்சர் ஒருவரையோ கூட்டிக்கொள்ளுங்கள். புகார் சொல்ல வந்த மாதிரி இல்லாமல், 'ஏன்மா வரல, நீ இல்லாம வகுப்பு நல்லாயில்ல' என்று ஆரம்பித்தால் போதும். வீட்டில் அந்தக் கட்டுரை பற்றிப் பேச்சே எடுக்க வேண்டாம். அவள் திரும்பி வந்த பிறகு, எல்லார் முன்னாலும் கேட்டதை எல்லார் முன்னாலும் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். 'அன்னைக்கு நான் அந்த வார்த்தை சொல்லியிருக்கக் கூடாது' என்று ஒரு வரி. அதனால் உங்கள் மரியாதை குறையாது. 2009ஆம் வருடக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17வது பிரிவு, அடிக்கக் கூடாது என்பதோடு குழந்தையை மனரீதியாகத் துன்புறுத்தக் கூடாது என்றும் சேர்த்தே சொல்கிறது. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. பிரம்பைக் கீழே போட்ட பிறகும் நம்மில் பலர் வார்த்தையைப் பிரம்பாக வைத்திருக்கிறோம், அதனால் சொல்கிறேன்.

நானும் அப்படி இருந்தவன்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பென்னாகரம் பக்கம் ஒரு பள்ளியில் தமிழ் எடுத்தேன். மழையைப் பற்றி எழுதிவரச் சொன்னதற்கு ஒரு பையன் எழுதி வந்தது என்னைத் தூக்கிப்போட்டது. 'வானம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வந்தது' என்று ஒரு வரி. இது உனக்கு எங்கிருந்து வந்தது, எந்தப் புத்தகம் என்று கேட்டேன், அவன் பேசவில்லை, பேசாமல் நின்றதையே ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டு அந்தப் பக்கத்தைக் கிழித்தேன். அவனுடைய தாத்தா தெருக்கூத்தில் வேடிக்கையாகப் பேசிக் கதையை நடத்துகிற கட்டியங்காரன் வேஷம் கட்டுகிறவர் என்று இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. வீட்டில் அவர் பேசுவதே அப்படித்தானாம், பையன் அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவன். அந்த வருஷம் முழுக்க அவன் எனக்கு எழுதித் தந்ததெல்லாம் கைடில் இருந்ததுதான், ஒரு வரிகூடச் சொந்தமாக இல்லை. 30 வருஷத்துக்கு மேல் ஆகிறது. 'இவ்வளவு நன்றாக இருக்கிறதே, இவன் எழுதியிருக்க மாட்டான்' என்று யாராவது சொன்னால் இன்றும் எனக்கு அந்தக் கிழிந்த பக்கம்தான் ஞாபகம் வருகிறது.

உங்கள் பெண் விஷயம் வேறு, அவள் எழுதவில்லை என்பது உண்மை. ஆனால் நீங்களே எழுதியிருப்பதைத் திரும்ப ஒருமுறை படித்துப் பாருங்கள். யார் எழுதியது என்று கேட்டதும் மாமா பையன் எடுத்துக் கொடுத்தான், இன்னதில் எடுத்தான் என்று அவள் சொல்லிவிட்டாள். அடுத்தவரிடமிருந்து எடுத்தால் இன்னாரிடமிருந்து எடுத்தேன் என்று சொல்ல வேண்டும், இதைத்தானே நாம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கப் பார்க்கிறோம்? 38 பேரில் அதைச் செய்தவள் அவள் ஒருத்தி. சொன்னவளுக்குத்தான் வகுப்பு சிரித்தது. மற்ற 23 பேரும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், அவர்கள் அன்றைக்கு என்ன கற்றுக்கொண்டிருப்பார்கள் என்பதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

அந்த 'தொகு' என்னவென்று சொல்லிவிடுகிறேன். தமிழ் விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு பகுதித் தலைப்புக்கும் பக்கத்தில் 'தொகு' என்று இருக்கும். அந்தப் பகுதியைத் திருத்த விரும்புகிறவர் அழுத்துகிற பொத்தான் அது. ஒரு பிள்ளை போனைப் பார்த்து எழுதியிருக்கிறது, அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டிருக்கிறது, மற்ற 22 பேரும் அதைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். நோட்டுகளை இன்னொரு தடவை புரட்டுங்கள். சில வாக்கியங்களின் கடைசியில் 1, 2, 3 என்று சின்னதாக எண்களும் எழுதியிருப்பார்கள். அந்தச் செய்தி எந்தப் புத்தகத்திலிருந்து எடுத்தது என்று கட்டுரையின் அடியில் பார்க்கச் சொல்கிற எண் அது. அதாவது, 'இது நான் சொன்னதில்லை, இன்னார் சொன்னது' என்கிற அடையாளத்தைக்கூட என்னவென்று தெரியாமலே பார்த்து எழுதியிருக்கிறார்கள். இதை ஏமாற்று வேலை என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. ஏமாற்ற நினைக்கிறவன் முதலில் 'தொகு'வைத்தான் விட்டுவிடுவான். கரும்பலகையில் எழுதியதை ஒரு புள்ளி விடாமல் எழுதினால் 'குட்' வாங்கிய பிள்ளைகள், பழகினதை ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள்.

எங்கே தவறினேன் என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் மட்டும் இல்லை டீச்சர், நாம் எல்லாரும் இங்கேதான் தவறுகிறோம். ஒன்றாம் வகுப்பில் 'பார்த்து எழுது' என்கிறோம். ஐந்தாவதில் கேள்வி பதிலைப் பலகையில் எழுதிப் போட்டு அப்படியே எழுதச் சொல்கிறோம், ஒரு சொல் மாறினால் சிவப்பு மையில் சுழிக்கிறோம். தேசத் தலைவர் பற்றி ப்ராஜெக்ட் என்றால் பிள்ளை ஸ்டேஷனரிக் கடைக்குப் போய்ப் படம் வாங்கி, பின்பக்கம் அச்சடித்திருக்கிற வாழ்க்கை வரலாற்றை எழுதிக்கொண்டு வருகிறது, அதற்கும் பத்துக்குப் பத்து போட்டிருக்கிறோம். 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியபோது உங்கள் பிள்ளைகள் இரண்டாவதோ மூன்றாவதோ படித்தவர்கள். ஒன்றிலிருந்து எட்டு வரை உள்ளவர்களுக்குத் தமிழ்நாட்டில் திரும்பப் பள்ளி திறந்தது 2021 நவம்பர் 1. அந்த ஒன்றரை வருஷமும் பாடம் என்பது போனில் வந்த படம், வீட்டுப்பாடம் என்பது அதைப் பார்த்து எழுதித் திரும்பப் படம் அனுப்புவது. சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதிப் பழக வேண்டிய வயசு அப்படிப் போய்விட்டது. இப்போது எட்டாவதில் நின்றுகொண்டு திடீரென்று 'உன் சொந்த நடையில் எழுது' என்றால், சொந்த நடை எப்படி இருக்கும் என்று அவர்களுக்கு யார் காட்டினார்கள்?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நாம் எழுதுகிற பாடக்குறிப்பில் எத்தனை பக்கம் நம்முடையது? போன வருஷ நோட்டிலிருந்தோ வாட்ஸ்அப் குழுவில் வந்த பிடிஎஃப்பிலிருந்தோ எடுத்துத் தேதி மாற்றிக் கையெழுத்துக்கு வைத்த வாரங்கள் எனக்கு நிறைய உண்டு. பி.எட். ரெக்கார்டுகள் எப்படித் தயாராகின்றன என்பது நம் இருவருக்குமே தெரியும். வேலைப்பளு நிஜம், அதை மறுக்கவில்லை. ஆனாலும் பிள்ளைகளிடம் 'திருட்டு' என்ற சொல்லை எடுப்பதற்கு முன்னால் அந்தப் பாடக்குறிப்பு நோட்டு என் கண் முன்னால் வந்திருக்க வேண்டும், எனக்கு அது ரொம்பத் தாமதமாகத்தான் வந்தது.

உங்கள் பக்கத்துக்கே உரிய ஒரு காரணமும் இருக்கிறது. ராயக்கோட்டை, தேன்கனிக்கோட்டை, ஓசூர் பக்கம் வகுப்பில் பல பிள்ளைகளுக்கு வீட்டுப் பேச்சு தெலுங்கு அல்லது கன்னடம். பேசுகிற தமிழ் நன்றாகவே வரும், எழுதுகிற தமிழ்தான் பயம். 'ர'வா 'ற'வா, ஒருமையா பன்மையா, எங்கே சுழிப்பாங்களோ என்று கைநடுங்கி எழுதுகிற பிள்ளைக்குத் தப்பே இல்லாத ஒரு கட்டுரை போனில் கிடைத்தால் அதை விடுமா? உங்கள் 23 பேரில் எத்தனை பேர் அப்படி என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். பிழைக்கு மார்க் குறைக்க மாட்டேன் என்று இந்த ஒரு வேலைக்காவது முன்கூட்டியே சொல்லிப் பாருங்கள், பாதிப் பேர் சொந்தமாக எழுத முயற்சி செய்வார்கள்.

ஆப் கேட்டீர்கள். வேண்டாம். சாட்ஜிபிடி வெளிவந்தது 2022 நவம்பர் 30. அதை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் ஒரு கண்டுபிடிப்புக் கருவி விட்டது. இயந்திரம் எழுதியவற்றில் 26 சதவீதத்தைத்தான் அது சரியாகப் பிடித்தது, மனிதர் எழுதியவற்றில் 9 சதவீதத்தை இயந்திரம் எழுதியது என்று தவறாகச் சொன்னது. துல்லியம் போதவில்லை என்று அந்த ஜூலையிலேயே எடுத்துவிட்டார்கள். அதே வருஷம் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த மாதிரிக் கருவிகள் ஏழை எடுத்து, ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் டோஃபல் என்கிற ஆங்கில மொழித் தேர்வுக்கு எழுதிய கட்டுரைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். சராசரியாகப் பாதிக்கு மேல் இயந்திரம் எழுதியது என்று வந்தது. கற்றுக்கொண்ட மொழியில் எளிய சொற்களை வைத்து எழுதினால் அது இயந்திரம் மாதிரித் தெரிகிறதாம். ஆங்கிலத்துக்கே இந்த நிலை என்றால், தெலுங்கு வீட்டிலிருந்து வந்து தமிழில் எழுதுகிற உங்கள் பிள்ளையை இப்படி ஒரு கருவியிடம் விடலாமா? உங்களுக்குச் சந்தேகம் வந்தால் அந்தப் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து இரண்டு நிமிஷம் பேசுங்கள். 'இந்த வரி நல்லாயிருக்கு, இன்னும் கொஞ்சம் சொல்லு' என்று கேட்டாலே தெரிந்துவிடும். எழுதிய பிள்ளைக்கு முகம் மலரும். எழுதாத பிள்ளை நோட்டைப் பார்க்கும்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். நீங்கள் கொடுத்த தலைப்பு 'நடுகற்கள்'. அதற்கு நீங்கள் எதிர்பார்க்கிற பதில் ஏற்கெனவே நூறு இடத்தில் எழுதிக் கிடக்கிறது, உங்களையும் என்னையும்விட நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். இருக்கிற பதிலைக் கேட்டால் பிள்ளை இருக்கிற பதிலைத்தான் கொண்டுவந்து கொடுக்கும். வேறு யாரிடமும் இல்லாத பதிலைக் கேளுங்கள். நம் பக்கம் அதற்குப் பஞ்சமே இல்லை டீச்சர்! ஊர் ஓரத்தில், புளியமரத்தடியில், ஏரிக்கரையில் வேடியப்பன் என்று பொட்டு வைத்துப் பூசை போடுகிறார்களே, அதில் பல நடுகற்கள்தான். மாட்டு மந்தையை ஓட்டிக்கொண்டு போனவர்களோடு சண்டை போட்டுச் செத்தவனுக்கு நட்ட கல்லை அவன் பெயர் மறந்த பிறகும் கும்பிடுகிறோம். உங்கள் பிள்ளைகளில் சிலராவது தினமும் அதைத் தாண்டித்தான் பள்ளிக்கு வருவார்கள், 'நடுகல்' என்று போனில் தேடும்போது அதுதான் இது என்று அவர்களுக்குத் தோன்றியிருக்காது.

ஆகவே இப்படிக் கேட்டுப் பாருங்கள்: உங்கள் ஊர்க் கல்லில் ஆள் எந்தக் கையில் வில்லைப் பிடித்திருக்கிறான், காலடியில் மாடு இருக்கிறதா, நாய் இருக்கிறதா, எழுத்து ஏதாவது தெரிகிறதா, அங்கே பூசை போடுவது யார், உன் பாட்டி அந்தக் கல்லைப் பற்றி என்ன சொன்னாள்? எட்டு வரி போதும். கல் இல்லாத ஊர்ப் பிள்ளை ஊர்ப்பெயர் எப்படி வந்தது என்று வீட்டுப் பெரியவரிடம் கேட்டு எழுதட்டும். தெலுங்கில் சொன்னால் தெலுங்கில் சொன்ன அந்த வாக்கியத்தையே தமிழ் எழுத்தில் அப்படியே எழுதி, கீழே தமிழில் என்ன அர்த்தம் என்று எழுதட்டும். எழுதுவதை வகுப்பிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் கேட்டுவந்து குறிப்பெடுப்பது ஒரு நாள், வகுப்பில் உட்கார்ந்து எழுதுவது ஒரு பீரியட். 38 பேரின் இரண்டு இரண்டு பக்கம் திருத்துவதைவிட எட்டு எட்டு வரி திருத்துவது உங்களுக்கும் லேசு, படித்துப் பார்க்க ஆசையாகவும் இருக்கும்.

ஒவ்வொரு நோட்டின் அடியிலும் 'யார் சொன்னது' என்று ஒரு வரி கட்டாயம். பாட்டி சொன்னது, பூசாரி சொன்னார், பாடப்புத்தகம் இத்தனாவது பக்கம், விக்கிப்பீடியா, சாட்ஜிபிடி, எதுவாக இருந்தாலும் எழுதட்டும். எழுதினால் மார்க் குறையாது, ஒளித்தால்தான் குறையும் என்று தெளிவாகச் சொல்லுங்கள். இது எங்கிருந்தோ வந்த வெளிநாட்டு விதி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். தொல்காப்பியத்தில் திரும்பத் திரும்ப 'என்மனார் புலவர்' என்று வரும், இதை எனக்கு முன்னால் இருந்த புலவர்கள் சொன்னார்கள் என்று சொல்லிவிட்டுத்தான் தொல்காப்பியர் போகிறார். அதை உங்கள் பள்ளித் தமிழாசிரியர் ஒருநாள் வந்து பத்து நிமிஷம் சொன்னால் நன்றாக இருக்கும். நடுகல்லிலும் அப்படித்தான், எழுத்துள்ள கல்லில் எந்த அரசனுடைய எத்தனாவது ஆண்டு, இறந்தவன் யாருடைய சேவகன், எந்தத் தொறுவை, அதாவது மாட்டு மந்தையை, மீட்கும்போது செத்தான் என்று விவரமாக இருக்கும். கிருஷ்ணகிரி, தர்மபுரி இரண்டு ஊர் அரசு அருங்காட்சியகத்திலும் நடுகற்கள் வைத்திருக்கிறார்கள், ஒரு தடவை கூட்டிப்போக முடிந்தால் கூட்டிப்போங்கள்.

சாட்ஜிபிடியைத் தடை செய்யவா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்து அதுதான் வரும். வீட்டில் உங்களால் தடுக்க முடியாது. அதைவிட, அந்தப் பெண் சம்மதித்தால் மட்டும், அவளுடைய கட்டுரையை யாருடையது என்று சொல்லாமல் பலகையில் பாதி எழுதிப் போட்டு, எது சரி எது தப்பு என்று பிள்ளைகளைத் தேடவிடுங்கள். நம் சின்ன ஊர்களைப் பற்றிக் கேட்டால் அது இல்லாத கோயிலையும் நடக்காத போரையும் உறுதியாகச் சொல்லும், நான் எங்கள் ஊரைப் போட்டுப் பார்த்து அசந்துபோனேன். 'நம்ம ஊர்ல இது இல்லவே இல்ல டீச்சர்' என்று ஒரு பையன் எழுந்து சொன்னால் அந்த வருஷத்தின் நல்ல பாடம் அதுதான். அவள் சம்மதிக்காவிட்டால் நீங்களே புதிதாக ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பெற்றோரைக் கூப்பிட வேண்டாம். கூலியை விட்டுவிட்டு வருவார்கள், விக்கிப்பீடியா என்றால் என்னவென்று அவர்களுக்குப் புரியவைக்கவும் முடியாது, 'காப்பி அடிச்சான்' என்கிற ஒரு சொல் மட்டும் புரியும், அதற்கு வீட்டில் அடிதான் விழும்.

மார்க் விஷயம். எட்டாம் வகுப்பில் வளரறி மதிப்பீட்டுக்கு, அதாவது பருவம் முழுக்க வகுப்பில் செய்கிற செயல்பாடுகளுக்கு, 40, பருவத் தேர்வுக்கு 60. இந்தச் செயல்பாடு அந்த 40க்குள் ஒரு சின்னப் பங்கு. பார்த்து எழுதியதற்குத் தண்டனை என்று பூஜ்யம் போடாதீர்கள், ஹெச்.எம். சொல்கிறபடி கண்ணை மூடிக்கொண்டு எட்டு ஒன்பதும் போடாதீர்கள். இப்போதைக்கு எதுவும் போட வேண்டாம். பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் போட்ட கருத்துத் திருட்டு விதிகளில் இத்தனை சதவீதத்துக்கு இன்ன தண்டனை என்று இருக்கிறது, ஆனால் அது கல்லூரி, பல்கலைக்கழக ஆய்வேடுகளுக்கு. பதின்மூன்று வயதுப் பிள்ளை விஷயத்தில் உங்கள் முடிவுக்கு இடம் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். மறுபடி எழுதியதற்கு மட்டும் மார்க். அதற்குப் பிறகும் ஒருவன் தெரிந்தே பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதி, கேட்டால் பொய் சொன்னால், அப்போது தனியாகக் கூப்பிட்டுக் கண்டியுங்கள், அந்த மார்க்கைக் கொடுக்காதீர்கள். அதில் இளகத் தேவையில்லை.

ஹெச்.எம். கெட்ட மனசில் சொல்லியிருக்க மாட்டார், பதிவேடு முடிக்க வேண்டிய கவலை அவருக்கு. அவரிடம் வாதம் வேண்டாம். 'சார், இதை மட்டும் வகுப்பிலேயே மறுபடி எழுத வைக்கிறேன், பத்து நாள் கொடுங்க' என்று கேளுங்கள். கேட்கும்போது அந்த 23 நோட்டில் ஐந்தை எடுத்துக்கொண்டு போய் மேசைமேல் வரிசையாக விரித்து, ஐந்திலும் ஒரே இடத்தில் இருக்கிற 'தொகு'வைக் காட்டுங்கள். பத்து நாள் கொடுத்துவிடுவார்.